எண்ணெய்ப் பணம் வந்தது, நெல் வயல் என்ன ஆனது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை. வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



எண்ணெய் வருமானம் கோதுமை உழவரை என்ன செய்கிறது என்பதுதான் இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. பூச்சோங்கில் உட்கார்ந்துகொண்டு கோதுமையைப் பற்றிப் பேசுவது சற்று வேடிக்கைதான். நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. காலையில் நாம் பசியாறும் ரொட்டி சானாயின் மாவு, கப்பலில் வந்த கோதுமையை இங்கே அரைத்து எடுத்த மாவு. ஆனால் எண்ணெய் நமக்கு உண்டு, உழவும் உண்டு. நம் உழவு நெல் உழவு. ஆகவே கோதுமையில் தொடங்கி நெல்லுக்கு வருகிறேன். நெறியாளர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சவூதி அரேபியா. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும் அந்நாட்டுக் கருவூலம் நிறைந்தது. எண்ணெயை ஆயுதமாக நாம் பயன்படுத்தினால், மற்றவர்கள் தானியத்தை ஆயுதமாக்குவார்களே என்ற அச்சமும் கூடவே வந்தது. எனவே 1970-களின் இறுதியில் பாலைவனத்தில் கோதுமை விளைவிக்க முடிவு செய்தார்கள். ஒரு டன் கோதுமைக்கு அரசாங்கம் 3,500 ரியால் கொடுத்தது. அன்றைய கணக்கில் அது ஏறக்குறைய 1,000 அமெரிக்க டாலர், உலகச் சந்தை விலையைப் போல் பல மடங்கு. நிலம், கடன், இயந்திரம் எல்லாவற்றிலும் அரசாங்கத்தின் கை இருந்தது. 1984 வாக்கில் நாட்டுத் தேவைக்குப் போதுமான கோதுமை கிடைத்தது. 1990-களின் தொடக்கத்தில் விளைச்சல் ஆண்டுக்கு 40 லட்சம் டன்னை எட்டியது. மழையே இல்லாத நாடு, உலகின் பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றானது!

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் தேங்கிய நீரை இறைத்தார்கள். அது திரும்ப ஊறாது. எண்ணெயை எடுத்து விற்ற பணத்தைக் கொண்டு, எண்ணெயைப் போலவே தீர்ந்துபோகும் நீரை எடுத்துக் கோதுமையாக்கி விற்றார்கள். கடைசியில் 2008-இல் விழித்துக்கொண்டு, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை ஆண்டுதோறும் 12.5 விழுக்காடு குறைத்து 2016-க்குள் நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை ஈராக்கில், குறிப்பாக வடக்கே குர்து மக்கள் வாழும் டோஹுக், எர்பில், சுலைமானியா மாநிலங்களில் நடந்தது. அது மழையை நம்பிக் கோதுமை விளையும் மண். 1988-இல் சதாம் ஹுசேனின் படைகள் நடத்திய அன்ஃபால் தாக்குதலில் ஆயிரக்கணக்கான கிராமங்கள் அழிக்கப்பட்டன. பின்னர் மக்கள் மெல்லத் திரும்பி வந்து ஏர் பிடித்தார்கள். அந்த நேரத்தில்தான், 1996 டிசம்பரில், ஐக்கிய நாட்டு மன்றத்தின் ‘உணவுக்கு எண்ணெய்’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஈராக் எண்ணெய் விற்கலாம், ஆனால் பணம் மன்றத்தின் கணக்குக்குப் போகும், அந்தப் பணத்தில் வெளிநாட்டிலிருந்து உணவு வாங்கி எல்லாருக்கும் பங்கீட்டு அட்டையில் கொடுக்கப்படும். மாதம் ஒருவருக்கு 9 கிலோ மாவு வரை கிடைத்தது. பொருளாதாரத் தடையால் வாடிய மக்களின் உயிரைக் காத்த திட்டம் அது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் குர்து விவசாயியின் கோதுமையை வாங்க அந்தத் திட்டத்தில் வழியில்லை. இலவச மாவு வீட்டுக்கு வரும்போது சந்தையில் அவர் கோதுமையை யார் கேட்பார்? கிராமத்துக்குத் திரும்பி வந்தவர்கள் பலர் மறுபடியும் நகரத்துக்கே போனார்கள். 2003-இல் திட்டம் முடிந்த பிறகும் அந்த வயல்கள் பழைய நிலைக்கு எளிதில் திரும்பவில்லை.

ஒரே எண்ணெய். ஓரிடத்தில் பாலைவனத்தில் கோதுமையை முளைக்க வைத்தது, இன்னோரிடத்தில் கோதுமை மண்ணைத் தரிசாக்கியது. அந்தப் பணம் எந்த வாசல் வழியாகக் கிராமத்துக்குள் நுழைகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. நம் நாட்டில் அது எந்த வாசல் வழியாக வந்தது?

இதைச் சொல்ல எண்ணெய்க்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும். வெள்ளைக்காரன் ஆட்சியில் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கியது. நம் தாத்தா, பாட்டிமார் தோட்டத்துக் கடையில் வாங்கித் தின்றதும் பெரும்பாலும் அந்த அரிசிதான். ரப்பர் விற்று அரிசி வாங்குவது லாபம் என்பது துரைகளின் கணக்கு. அதே சமயம் 1917-இல் நெல் நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, மலாய்க்காரர்கள் வயலை ரப்பர் தோட்டமாக மாற்றுவதைத் தடுத்தார்கள். மலாய்க்காரர் வயலில், தமிழர் பால்மரக் காட்டில் என்ற பிரிவினை தானாக வளர்ந்தது அல்ல, சட்டம் போட்டும் வளர்க்கப்பட்டது. விதிவிலக்குகள் உண்டு. பேராக், பாகான் செராய் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழர் குடியேற்றம் இருந்தது. 1906-இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வட்டாரம் அது. ஆனால் அவை சிறு புள்ளிகள்.

ஜப்பானியர் காலத்தில் பர்மா அரிசிக் கப்பல் நின்றபோதுதான் துரைமாரின் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்தது. மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்த கதையைச் சொல்லாத பெரியவர் நம் குடும்பங்களில் இருந்திருக்க மாட்டார். சுதந்திரம் வந்த பிறகு அரசாங்கம் நெல்லைக் கவனித்ததற்கு அந்தப் பசியின் நினைவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் நேயர்களுக்கே தெரியும். நெல் விவசாயிகளின் கையில் ஓட்டு இருந்தது.

அப்படிப் பிறந்ததுதான் கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டம். 1965-இல் உலக வங்கி 4 கோடியே 50 லட்சம் அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. 1966-இல் வேலை தொடங்கியது. மூடா, பெடு என இரண்டு அணைகள், அவற்றை இணைக்க மலையைக் குடைந்து ஏறக்குறைய 7 கிலோ மீட்டர் சுரங்கம், சமவெளியில் கால்வாய்கள். 1970-இல் இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறந்தார்கள். சுமார் 96,000 ஹெக்டர் நிலம், அதுவரை மழையை நம்பி ஒரு போகம் விளைந்த மண், ஆண்டுக்கு இரண்டு போகம் காணத் தொடங்கியது. இதை நிர்வகிக்க ‘மாடா’ வாரியம் அமைந்தது. கிளந்தானில் கெமுபு திட்டத்துக்கு ‘காடா’ வாரியம் வந்தது. ஒன்றைக் கவனியுங்கள். அணை கட்டிய பணம் எண்ணெய்ப் பணம் இல்லை. அது கடனும், ரப்பரும் ஈயமும் தந்த வருமானமும்தான்.

அந்த வாரியத்தில் பொருளியல் ஆய்வாளராக இருந்தவர் எஸ். ஜெகதீசன். பசுமைப் புரட்சியும் மூடா திட்டமும் விவசாயிகளின் வருமானத்தை எப்படி மாற்றின என்று 1977-இல் அவர் எழுதிய ஆய்வு நூலை, மூடாவைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாது. விளைச்சல் கூடியதையும் காட்டினார், கூடியது யார் வீட்டில் எவ்வளவு என்பதையும் பிரித்துக் காட்டினார். நம் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். சரவாக், மிரியில் 1910-லேயே எண்ணெய் எடுத்தார்கள். ஆனால் அது நாட்டின் வருமானமாக உருவெடுத்தது 1974-க்குப் பிறகு. அந்த ஆண்டு பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டில் பெட்ரோனாஸ் பிறந்தது. துங்கு ரசாலி ஹம்சா அதன் முதல் தலைவர். மாநிலத்துக்கு 5 விழுக்காடு, கூட்டரசு அரசாங்கத்துக்கு 5 விழுக்காடு ரொக்கப் பங்கு என்று ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின.

அதே 1974 நவம்பரில்தான் கெடா, பாலிங்கில் ஆயிரக்கணக்கான மக்கள் பசி என்று தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் ரப்பர் சிறு தோட்டக்காரர்கள். அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றின, உலகத் தொழிற்சாலைகள் சுருங்கின, ரப்பர் விலை விழுந்தது, அரிசியும் மற்றப் பொருள்களும் விலை ஏறின. மாணவர்களும் சேர்ந்தார்கள். பின்னாளில் நாட்டின் பிரதமரான அன்வார் இப்ராஹிம் அந்தப் போராட்டத்துக்காகத்தான் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் முதன்முறை சிறை சென்றார். எண்ணெய் விலை ஏற்றம் ஒரு கையால் நாட்டுக்குப் பணத்தைக் கொடுத்தது, மறு கையால் கிராமத்து ஏழையின் தட்டிலிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே ஆண்டில்.

1970-இல் தீபகற்ப மலேசியாவில் நெல் பயிரிடும் குடும்பங்களில் 88 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்ததாக அரசாங்கக் கணக்கே சொல்கிறது. நூற்றுக்கு எண்பத்தெட்டு! மூடாவில் தண்ணீர் வந்ததும் முதல் நான்கைந்து ஆண்டுகள் வருமானம் வேகமாக ஏறியது. பிறகு உரம், உழவுக் கூலி எல்லாம் ஏறி, வருமானம் தேங்கியது. 1978-இல் வறட்சி வந்து இரண்டாம் போகத்துக்குத் தண்ணீரே விட முடியவில்லை. அந்தச் சமயத்தில்தான் எண்ணெய்ப் பணம் வயலுக்குள் நுழைந்தது.

1979-இல் இலவச உரம் வந்தது, ஒருவருக்கு 2.4 ஹெக்டர் வரை. 1980-இல் நெல்லுக்கு விலை மானியம் வந்தது, ஒரு பிக்குளுக்கு 2 வெள்ளி. ஆனால் கையில் ரொக்கமாக இல்லை. பற்றுச்சீட்டாக, கட்டாயச் சேமிப்பாக. கெடா விவசாயிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1980 ஜனவரியில் அலோர் ஸ்டாரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, 10 வெள்ளி வேண்டும், ரொக்கமாக வேண்டும் என்று முழங்கினார்கள். கலவரம், கைது எல்லாம் நடந்தன. ஆனால் நடந்த முடிவைப் பாருங்கள்: விரைவிலேயே மானியம் 10 வெள்ளியாக உயர்ந்தது, ரொக்கமாகவே கொடுக்கப்பட்டது. டன் கணக்கில் அது 165 வெள்ளி. 1990-இல் இன்னும் உயர்ந்து 248 வெள்ளி அளவுக்கு வந்தது.

எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த நேரம் அது. அந்தப் பணம் இல்லாமல் ஓர் அரசாங்கம் ஐந்து மடங்கு உயர்வுக்கு இவ்வளவு சீக்கிரம் இணங்கியிருக்குமா? எனக்கு ஐயம்தான்.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். வறுமை குறைந்தது. கெடா, பெர்லிஸ் கிராமங்களில் அத்தாப்புக் கூரை போய்த் துத்தநாகத் தகடு வந்தது. பள்ளிக்கூடம், மருந்தகம், தார்ச்சாலை வந்தன. பிள்ளைகள் அரசாங்க உதவியில் படித்தார்கள். இதைக் குறைத்துப் பேசுபவர்கள் பழைய கம்போங்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மானியம் டன் கணக்கில் கொடுக்கப்பட்டது. இதில்தான் சூட்சுமம். மூன்று டன் விளைவிக்கும் ஏழைக் குத்தகைக்காரருக்கு 495 வெள்ளி. முப்பது டன் விளைவிக்கும் நிலக்காரருக்கு 4,950 வெள்ளி. ஏழைக்காக என்று சொல்லிக் கொடுத்த பணம் யார் வீட்டில் அதிகம் தங்கியது என்பதைச் சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. வயலுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்றால் வயலின் மதிப்பு ஏறும், குத்தகையும் ஏறும். முன்பு அறுவடை முடிந்து, விளைந்ததைப் பார்த்துக் கொடுத்த குத்தகை, பருவம் தொடங்கும் முன்பே ரொக்கமாகக் கேட்கும் குத்தகையாக மாறியது. கையில் காசு இல்லாதவர் நிலத்தை விட்டார். காசு உள்ளவர், பல சமயம் வெளியூர் வியாபாரி, பல பருவங்களுக்கு மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978 முதல் 1980 வரை மூடா வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தங்கி இதையெல்லாம் பார்த்தார். கிராமத்தின் உண்மைப் பெயரை மறைத்து ‘செடாகா’ என்று எழுதினார். 1985-இல் வெளிவந்த ‘வெப்பன்ஸ் ஆஃப் தி வீக்’ என்ற அந்த நூலை உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் பாடமாக வைத்தன. 2024-இல் அவர் காலமானார். அவர் கண்ட முக்கிய மாற்றம் அறுவடை இயந்திரம். 1970-களின் நடுவில் வயலில் இறங்கிய அந்த இயந்திரம், 1980 வாக்கில் மூடாவின் பெரும்பகுதியை அறுத்துத் தள்ளியது. நாற்று நடவும் கதிரடிப்பும்தான் நிலமில்லாத குடும்பங்களின் சோறு. கூட்டமாகச் சேர்ந்து நட்டும் அறுத்தும் வந்த பெண்களுக்கு அறுவடைக் கூலி போனது. 1980-களில் நாற்று நடாமல் நேரடியாக விதை தெளிக்கும் முறை பரவியது, நடவுக் கூலியும் போனது. பணக்காரருக்கு ஏழை தேவைப்பட்ட காலத்தில் கந்தூரி விருந்தும் ஜக்காத் நெல்லும் இருந்தன. தேவை போனதும் அவையும் சுருங்கின. இதை ஸ்காட் மிக நுட்பமாக எழுதியிருக்கிறார்.

இன்னொரு விளைவு பயிரிலேயே வந்தது. நாற்று நடாமல் தெளித்த வயல்களில், பயிர் நெல்லைப் போலவே இருக்கும், ஆனால் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும் களைநெல் பெருகியது. மலாயில் ‘பாடி அங்கின்’, அதாவது காற்று நெல் என்பார்கள். 1980-களின் இறுதியில் நம் சிலாங்கூரின் வடமேற்கு வயல்களில்தான், வார இறுதியில் நாம் குடும்பத்தோடு படம் எடுக்கப் போகும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரத்தில்தான், அது முதலில் கண்டறியப்பட்டது. பிறகு நாடு முழுவதும் பரவியது. அதை அழிக்க 2010-இல் தனி விதை ரகமும் அதற்கென்று தனி களைக்கொல்லியும் வந்தன. செலவு மீண்டும் ஏறியது.

சரி, இயந்திரம் ஏன் வந்தது? ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். ஆள் ஏன் கிடைக்கவில்லை? இங்கேதான் எண்ணெய்ப் பணத்தின் மறைமுக வேலை இருக்கிறது.

பொருளியலில் ‘டச்சு நோய்’ என்று ஒன்று சொல்வார்கள். நெதர்லாந்தில் 1959-இல் குரோனிங்கன் என்ற இடத்தில் பெரும் எரிவாயு வயல் கண்டார்கள். பணம் கொட்டியது, நாணயம் வலுத்தது, மற்றத் தொழில்கள் படுத்தன. ‘தி எகனாமிஸ்ட்’ ஏடு 1977-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தது. நமக்கும் அதில் ஒரு சிறு காய்ச்சல் வந்தது என்றே சொல்வேன். 1980-களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டாலருக்கு நம் வெள்ளி இரண்டே கால் அளவில் நின்றது. தாய்லாந்து அரிசி மலிவாகத் தெரிந்தது. எல்லையில் பாடாங் பெசாரிலும் ரந்தாவ் பஞ்சாங்கிலும் கடத்தல் அரிசி தாராளமாக நடமாடியது. நகரங்களில் கட்டடம் எழுந்தது, அரசாங்க வேலை பெருகியது. பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகள் கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பேருந்து அனுப்பி அழைத்துக்கொண்டன. மாதச் சம்பளம் கிடைக்கும்போது சேற்றில் இறங்க எந்தப் பிள்ளை நிற்கும்? நிற்காததற்கு நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கிளந்தான், திரெங்கானு, நெகிரி செம்பிலான், மலாக்கா என்று பெரிய நீர்ப்பாசனம் இல்லாத இடங்களில் வயல்கள் தரிசாகிப் புல் மூடின. மானியத்தால் பிழைத்தவை மூடா போன்ற பெரிய களஞ்சியங்கள்தான். ஒரு கையில் நெல்லுக்கு மானியம், மறு கையில் உழவனை வயலிலிருந்து இழுக்கும் வளர்ச்சி. இரண்டுக்கும் எரிபொருள் ஒன்றே.

எண்ணெய்ப் பணம் எல்லாம் வயலுக்கே போனது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1984-இல் கடனில் மூழ்கிய பூமிபுத்ரா வங்கியை மீட்க பெட்ரோனாஸ் இழுக்கப்பட்டது. 1989-இல் மீண்டும் ஒரு முறை. பிறகு இரட்டைக் கோபுரம், புத்ராஜெயா என்று பட்டியல் நீளும். எண்ணெய் எடுக்கப்படும் திரெங்கானுவின் கதை தனிக் கதை. 1999 தேர்தலில் மாநில ஆட்சி எதிர்க்கட்சிக்குப் போனதும், 2000-இல் எண்ணெய் உரிமப் பணம் மாநில அரசுக்குப் போவது நிறுத்தப்பட்டு, ‘வாங் எஹ்சான்’, அதாவது நல்லெண்ணப் பணம் என்ற பெயரில் கூட்டரசே செலவழித்தது. 2008-இல் அங்கே திறந்த விளையாட்டரங்கின் கூரை 2009-இல் சரிந்து விழுந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடலில் எண்ணெய் எடுக்கும் மாநிலத்தின் பெசுட் விவசாயி, கெடா விவசாயியைவிடப் பணக்காரராகிவிடவில்லை.

நம் மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நெல் விவசாயிக்கு உரமும் விலையும் கொடுத்த அதே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? அவருக்கு நிலம் இல்லை. நிலத்தின் பேரில், விளைச்சலின் பேரில் கொடுக்கும் மானியம் அவரை எட்டவே எட்டாது. தோட்டம் தனியார் சொத்து என்பதால் கிராமப்புற மேம்பாட்டுப் பணம் அதன் கேட்டைத் தாண்டி உள்ளே வருவதும் அரிதாக இருந்தது. மின்சாரத்துக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நிர்வாகத்தின் தயவைப் பார்க்க வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நாட்டுக்கு அது இரண்டாவது எண்ணெய், அதுவும் நல்ல பணம். பிறகு தோட்டமே போய் வீடமைப்பு வந்தது. பூச்சோங்கில் காசல்ஃபீல்ட், கின்ராரா என்ற தோட்டப் பெயர்களை இன்று நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகையில்தான் அதிகம் பார்க்கிறோம். 1999-இல் திறந்த டாமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலையில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் இருபுறமும் பால்மரம் நின்றது தெரியும்? நெல் விவசாயி மானியத்தை நம்பி நின்றார், நாம் மானியமே இல்லாமல் இடம்பெயர்ந்தோம். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. எண்ணெய்ப் பணத்துக்கு நிலம் என்ற வாசல் வைத்தால் நிலமில்லாதவர் வெளியே நிற்பார். கெடாவில் நிலமில்லாத மலாய்க் கூலிப் பெண்ணும், இங்கே பால்மரம் வெட்டிய நம் அம்மாவும் ஒரே வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

1986-இல் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 10 டாலர் அளவுக்கு விழுந்தது. நாடு மந்தத்தில் இருந்தது. அப்போதே நெல்லில் முழுத் தன்னிறைவு வேண்டாம், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விளைந்தால் போதும், மீதியை வாங்கலாம் என்ற சிந்தனை வலுத்தது. பழைய துரைமாரின் கணக்கு வேறு சட்டை போட்டுத் திரும்பியது என்று சொல்லலாம். 1971-இல் அமைந்த தேசிய நெல், அரிசி வாரியம் நிறுவனமாக மாற்றப்பட்டு, 1996-இல் ‘பெர்னாஸ்’ என்று தனியார் கைக்குப் போனது. அரிசி இறக்குமதி உரிமை அதன் கையில்.

2008-இல் உலக அரிசி விலை டன்னுக்கு 1,000 டாலரைத் தொட்டபோது எல்லாரும் திடுக்கிட்டோம். அந்தக் காலக்கட்டத்தில் கூட்டரசு வருமானத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு எண்ணெயைச் சார்ந்திருந்ததால் சமாளிக்க முடிந்தது. நெல்லின் குறைந்தபட்ச விலை டன்னுக்கு 650-லிருந்து 750 வெள்ளியானது, 2014-இல் 1,200 ஆனது.

2023-இல் என்ன நடந்தது என்பதை நீங்களே கடையில் பார்த்தீர்கள். ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் இறக்குமதி அரிசி விலையை டன்னுக்கு 2,350-லிருந்து 3,200 வெள்ளியாக, 36 விழுக்காடு உயர்த்தியது. உள்நாட்டு வெள்ளை அரிசிக்கு 10 கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலை இருந்தது. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி விழுந்ததும் உள்நாட்டு அரிசி பேரங்காடித் தட்டுகளிலிருந்து மாயமாகிவிட்டது. எங்கே போனது? உள்நாட்டு அரிசியை இறக்குமதிப் பையில் போட்டு விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது, அதிகாரிகள் சோதனைக்குப் போனார்கள். உரத்துக்கும் நெல்லுக்கும் மக்கள் பணம் கொடுத்து விளைந்த அரிசி, மக்கள் கடைக்குப் போனபோது இல்லை.

நெறியாளர் ஒரு கேள்வி கேட்டார்: எண்ணெயே இல்லாதிருந்தால் நம் நெல் விவசாயி என்ன ஆகியிருப்பார்?

அருகில் உள்ள இலங்கையைப் பார்க்கலாம். அங்கேயும் நெல் விவசாயிக்கு உர மானியம் நெடுங்காலமாக உண்டு, ஆனால் எண்ணெய் வருமானம் இல்லை. 2021 ஏப்ரலில் டாலர் தட்டுப்பாடு நெருக்கிய நேரத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். இயற்கை வேளாண்மை என்று காரணம் சொன்னார்கள். நவம்பரில் தடையை விலக்குவதற்குள் பயிர் படுத்துவிட்டது, அடுத்த பருவ நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது. நம் கெடா விவசாயிக்கு அப்படி ஒரு நாள் வராமல் காத்தது எண்ணெய்ப் பணம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த காவிரிப் படுகையில் வேறு நிலைமை. அங்கே எண்ணெய் கடலில் மட்டும் இல்லை, வயலுக்கு அடியிலேயே இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் 1980-களிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். நாற்றுக்கு நடுவே துரப்பணக் கோபுரம் நிற்கும். அந்த வருமானத்தில் அந்த வயல்காரருக்கு என்ன பங்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலே, 2017-இல் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டம் வேண்டாம் என்று ஊரே திரண்டது. 2020-இல் தமிழக அரசு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கியது. எண்ணெய்ப் பணம் கேட்டுத் தெருவுக்கு வந்தார் அலோர் ஸ்டார் விவசாயி, எண்ணெயே வேண்டாம் என்று தெருவுக்கு வந்தார் நெடுவாசல் விவசாயி.

ஆகவே நெறியாளருக்கு என் பதில், கெடா விவசாயி இன்னும் ஏழையாக இருந்திருப்பார் என்பதே. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுத்த மானியத்தில் பாதியையாவது நிலச் சீரமைப்புக்கும், கால்வாய்களைச் சரிவரப் பராமரிப்பதற்கும், நல்ல விதைக்கும் கொடுத்திருந்தால் அவர் மானியத்தை எதிர்பார்க்காத நிலைக்கு வந்திருப்பார் என்றும் நான் நினைக்கிறேன். உரம் ஒரு பருவத்தில் கரைந்துவிடும், கால்வாய் நிற்கும். இதை மறுத்துப் பேச இங்கே அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கு உரிமை உண்டு.

2023-க்குப் பிறகான கணக்கு இது. குறைந்தபட்ச விலை 2023-இல் டன்னுக்கு 1,300 வெள்ளியானது. போதவில்லை என்று விவசாயிகள் குரல் எழுப்பிய பிறகு 2025-இல் 1,500 வெள்ளி என்று அறிவிக்கப்பட்டது. இதற்கிடையே 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் குறைக்கப்பட்டு, லிட்டர் 3 வெள்ளி 35 சென் ஆனது. அறுவடை இயந்திரமும் லாரியும் ஓடுவது டீசலில். நெல் விலையில் ஏறிய வெள்ளியில் எத்தனை சென் டீசலுக்குத் திரும்பிப் போகும் என்று, வயலுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் வாடகை இயந்திரத்தை அழைக்கும் குத்தகைக்காரரிடம் கேட்டால் தெரியும்.

என் நேரம் முடிந்துவிட்டதென்று நெறியாளர் சைகை காட்டுகிறார்.